தண்ணீர் வைக்காத மேசை

நான் முதன்முதலாக ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, என்னை ஏற்றிக்கொண்டு போய்விட்ட ரயில் இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும் என்று சித்தி ஒலிபெருக்கியில் அறிவித்தாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு வெயில் வந்திருந்தது. நடைமேடையின் தகரக் கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா என் பையின் ஜிப்பை மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தாள். சித்தப்பா ஜன்னலோரம் நின்று, போகிற நாட்டிலெல்லாம் குழாய்த் தண்ணீரை நம்பாதே என்றார். அவர் பிளம்பர். எந்த ஊரைப் பற்றிப் பேசினாலும் அந்த ஊரின் குழாயில்தான் ஆரம்பிப்பார்.

சித்தி வழியனுப்ப வரவில்லை. வர முடியாது. அந்த நிலையத்தின் அறிவிப்பாளரே அவள்தான். நாலாவது நடைமேடைக்கு மேலே, படியேறிப் போனால் ஒரு கண்ணாடி அறை. அதில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். "துறைமுகம் செல்லும் விரைவு வண்டி மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படுகிறது" என்று அவள் சொன்னபோது கீழேயிருந்து கையசைத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை உயர்ந்தது. அதுதான் எங்கள் பிரியாவிடை.

வண்டி நகர்ந்து நடைமேடையின் கடைசியைத் தாண்டவில்லை, மறுபடி அதே குரல். "பயணிகள் கவனத்திற்கு. துறைமுகம் செல்லும் விரைவு வண்டி இன்னும் சற்று நேரத்தில் மூன்றாவது நடைமேடைக்கு வந்து சேரும்." என் பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எதிர் இருக்கைக்காரர், "அப்ப நாம எதுல போயிட்டிருக்கோம்?" என்று கேட்டார்.

அம்மா உடனே போனில் வந்தாள். "பாவம்டி அவ. உன்னை அனுப்ப மனசே இல்ல. பாசத்துல வாய் தவறிடுச்சு."

நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதில் பாசமும் இருந்திருக்கும். ஆனால் பாசம் மட்டுமல்ல என்பது தெரிய எங்கள் வீட்டுக்கு நெடுநாள் ஆயிற்று.

சித்தி, அம்மாவின் தங்கை. பயணச்சீட்டு கொடுக்கும் ஜன்னலில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு நாள் பழைய அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு மணி நேரம் சமாளி என்று சித்தியை மேலே அனுப்பினார்கள். ஏறியவள் இறங்கவே இல்லை. நிலையத்தில் சுமை தூக்குபவர்கள் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவள் மைக்கக்கா.

வீட்டில் அவள் குரல் வேறு. அது கரகரப்பானது, அவசரமானது, பாதி நேரம் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பது. மைக் முன்னால் உட்கார்ந்ததும் அதே தொண்டையிலிருந்து வேறொருத்தி பேசுவாள். அவசரத்தில் ஓடுகிறவர்கள்கூட அந்தக் குரலைக் கேட்டால் ஒரு கணம் நின்று மூச்சு வாங்கிக்கொள்வார்கள். சித்தப்பா இதைச் சொல்லியே காலம் ஓட்டினார். "கல்யாணத்துக்கு முன்னாடி இவளை மைக்ல மட்டும்தான் கேட்டேன். மைக் இல்லாம கேட்டது கல்யாணத்துக்கு அப்புறம்தான். நல்லா ஏமாந்தேன்."

"வாங்கின பொருளைத் திருப்பி எடுக்க மாட்டாங்க" என்பாள் சித்தி.

அவள் மேசையை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பள்ளி விடுமுறையில் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். மைக், கால அட்டவணைப் பலகை, மூக்குக் கண்ணாடி, ஒரு சிவப்புப் பென்சில். தண்ணீர் மட்டும் இருக்காது. தொண்டையால் பிழைக்கிறவர்கள் எல்லோரும் பக்கத்தில் வெந்நீர் வைத்திருப்பார்கள். சித்தி வைக்க மாட்டாள். காரணம் எளிது. பெண் ஊழியர்களுக்கான கழிப்பறை முதல் நடைமேடையின் கடைசியில் இருந்தது. மேம்பாலம் ஏறி இறங்கிப் போய் வருவதற்குள் இரண்டு வண்டி வந்து போய்விடும். ஒரு வண்டி வந்து போனதும் அடுத்ததற்கான மணி அடிக்கும். எழுந்து போனால் யார் பேசுவது? அதனால் காலையில் வீட்டில் அரை டம்ளர் டீ. அப்புறம் வேலை முடிகிறவரை ஒரு சொட்டு கிடையாது. பசித்தாலும் ரொட்டித் துண்டைக் கடித்து அப்படியே விழுங்குவாள். மலச்சிக்கல் அவளோடு பிறந்த சகோதரி மாதிரி கூடவே இருந்தது. அதை அவள் குறையாக நினைக்கவில்லை, பெருமையாகவே நினைத்தாள்.

"என் வயித்துக்கும் டைம் டேபிள் உண்டுடி" என்பாள். "வண்டி லேட்டாகும். அது ஆகாது."

நான் வெளியே சுற்றிய வருடங்களில் கப்பல் சமையலறையில் பாத்திரம் கழுவினேன், தோட்டங்களில் பழம் பறித்தேன், தெரியாத பாஷையில் திட்டு வாங்கினேன். ஓரிடத்தில் கால் தரிக்காது எனக்கு. சித்தியின் போன் மட்டும் எங்கே போனாலும் தேடி வரும். மெல்ல மெல்ல அந்தப் போன் மாறியது. சொன்னதையே திருப்பிச் சொன்னாள். வார்த்தைகளை மணலில் இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி பேசினாள். பேச்சின் நடுவில் தூங்கிப்போனாள். பகலெல்லாம் தூங்குகிறாள், ராத்திரி முழுக்க விழித்திருக்கிறாள் என்றார் சித்தப்பா. வீட்டுச் சாவி மாவு டப்பாவிலிருந்து கிடைத்தது. ஒரு நாள் சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தவள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்கு என்று கேட்டாளாம்.

பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். "தடுமாறுறா, உளறுறா, வாயில ஒரு மாதிரி வாடை வேற. குடிக்கிறா போல." வாழ்நாளில் மது பாட்டிலின் மூடியைக்கூடத் திறந்து பார்க்காதவள் சித்தி.

"மனசு சரியில்ல அவளுக்கு. வேலை ஜாஸ்தி" என்றாள் அம்மா. தங்கைக்குப் பைத்தியம் என்று சொல்ல வாய் வராமல் அவள் கண்டுபிடித்த வார்த்தை அது.

பிறகு ஒரு நாள் இரண்டாவது நடைமேடைக்கு வரவேண்டிய வண்டியை ஐந்தாவதற்கு என்று அறிவித்துவிட்டாள். பெட்டியும் மூட்டையுமாகக் கூட்டம் மொத்தமும் மேம்பாலத்தில் ஓடியது. பாதிப் பேருக்கு வண்டி போய்விட்டது. நிலைய மேலாளர் அவளை மைக்கிலிருந்து எழுப்பினார். அதே வாரம், தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு இது யார் வீடு என்று கேட்டபோதுதான் சித்தப்பா அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே சொன்னது யாரும் எதிர்பார்க்காதது. கோளாறு மூளையில் ஆரம்பிக்கவில்லை. கல்லீரலில் ஆரம்பித்திருக்கிறது. சர்க்கரை நோயும் உட்கார்ந்தே செய்த வேலையும் சேர்ந்து, கல்லீரலில் கொழுப்பு படிந்து, அது சத்தமில்லாமல் தழும்பாகி இறுகிப் போயிருந்தது.

நான் திரும்பி வந்தபோது சித்தி நிலையத்தின் தொலைந்த பொருள் அறையில் இருந்தாள். குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பல்செட்டு, யாரும் தேடி வராத ஒரு வயலின். இவற்றுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பு இளைத்திருந்தது. ஆனால் பேச்சு பழையபடி இருந்தது.

"வாடி, ஊர் சுத்தி. உன்னையும் யாராவது கொண்டுவந்து இங்க ஒப்படைப்பாங்கன்னு பார்த்துட்டிருந்தேன்."

"எப்படி இருக்கே சித்தி?"

"எனக்கென்ன. மருந்து குடிக்கிறேன், குடையைத் தூசி தட்டுறேன்." அந்த நேரம் வெளியே ஒலிபெருக்கியில் அவளுக்குப் பின் வந்த இளம்பெண்ணின் குரல் கேட்டது. சித்தி பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "நல்லாத்தான் சொல்றா. மூச்சை மட்டும் தப்பான இடத்துல விடுறா." கொஞ்சநேரம் குடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு மறுபடி அங்க போகணும்டி. ஒரு தடவையாவது. பைத்தியம்னு எழுப்பிவிட்ட நாற்காலி அது. அப்படியே முடிஞ்சுடக் கூடாது."

அந்த வாரம் சித்தியும் சித்தப்பாவும் மருத்துவரிடம் போனபோது நானும் கூடப் போனேன். அம்மாவும் வந்தாள். கல்லீரல் மருத்துவர் இளவயதுப் பெண். மேசையில் காகிதங்களுக்கு மேல் ஒரு வாழைப்பழம் வைத்திருந்தார், பாதி கடித்தது.

"கையை முன்னால நீட்டுங்கம்மா. மணிக்கட்டைத் தூக்கி, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துற மாதிரி."

"வண்டியை நிறுத்துறது என் வேலையில்ல டாக்டர்" என்றாள் சித்தி. "அனுப்புறதுதான்." ஆனால் நீட்டினாள். கைகள் நிலையாக நின்றன. முன்பு இதே சோதனையில் அவை பறவை சிறகடிப்பது போல விட்டு விட்டுத் தாழ்ந்து எழுந்தனவாம்.

"அப்படி ஆடினதுக்கும் தப்பா அறிவிச்சதுக்கும் ஒரே காரணம்தான்" என்றார் மருத்துவர். எனக்காக மறுபடி ஒரு முறை சொன்னார். நம் குடலில் கணக்கில்லாத பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நாம் தின்றதில் மிச்சத்தை அவை தின்னும். அப்படித் தின்று கழிக்கும் பொருள்களில் ஒன்று அம்மோனியா. குடலிலிருந்து போகும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அந்த அம்மோனியாவைப் பிடித்து, யூரியாவாக மாற்றி, சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டால் அந்த வேலை சரியாக நடப்பதில்லை. ரத்தமும் அதற்குள் நுழைய முடியாமல் பக்கவழி தேடிக்கொண்டு போய்விடுகிறது. அம்மோனியா சுத்தமாகாமலே மூளைக்குப் போகிறது. மூளையில் நரம்புகளுக்குத் துணை நிற்கும் செல்கள் அதை வாங்கி வாங்கி வீங்கிப்போகின்றன. தூக்கம் மாறுகிறது, புத்தி மந்தமாகிறது, ஆள் தடம் மாறிப்போகிறார்.

சித்தப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "அதாவது ஃபில்டர் அடைச்சிருக்கு. அழுக்குத் தண்ணி பைபாஸ்ல மேல் தொட்டிக்குப் போகுது."

"கிட்டத்தட்ட."

"அப்ப ஃபில்டரை மாத்திடலாமே?"

"மாத்தலாம். அதுக்குப் பேர் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை. அது தேவைப்படுற நிலைமை இப்ப இல்ல. வராமப் பார்த்துக்கலாம்."

"அம்மோனியா மட்டும்தானா காரணம்?" என்று நான் கேட்டேன்.

"அது பெரிய குற்றவாளி. ஆனா கூட்டாளிங்க இருக்கலாம். பாக்டீரியா தயாரிக்கிற வேற சில பொருள்களும், உடம்புல இருக்கிற அழற்சியும் சேர்ந்து மூளையைப் பாதிக்குதுன்னு நினைக்கிறாங்க. ஆராய்ச்சி நடந்துட்டிருக்கு. எல்லாம் தெரியும்னு நான் சொல்ல மாட்டேன்." பிறகு சித்தியின் கையைப் பிடித்துப் புஜத்தைத் தொட்டுப் பார்த்தார். "சதையே காணோமே. முட்டை, பருப்பு சாப்பிடுறதில்லையா?"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம்.

"புரதத்துலேருந்துதான் அந்த அம்மோனியா வருதுன்னு போனதரம் சொன்னீங்களே" என்றாள் அம்மா. "அதான் நிறுத்திட்டேன். ஒரு முட்டைகூட வீட்டுக்குள்ள விடல."

"நல்லவேளை, மருந்தை நிறுத்தல. முன்னாடி டாக்டர்களே அப்படித்தான் சொல்லிட்டிருந்தாங்க. இப்ப சொல்றதில்ல. சதையும் அம்மோனியாவைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கும். சதை கரைஞ்சா நிலைமை மோசமாகும். முட்டை, பருப்பு, தயிர் எல்லாம் கொடுங்க. கொஞ்சம் கொஞ்சமா, பல வேளையா. படுக்கப் போறதுக்கு முன்னாடியும் ஏதாவது சாப்பிடணும்."

"கேட்டியா அக்கா?" என்றாள் சித்தி. "இத்தனை நாள் ஆஸ்பத்திரியைவிட உன் சமையலுக்குத்தான் பயந்துட்டிருந்தேன்."

மருந்து என்பது பெரும்பாலும் ஒரு சிரப். கெட்டியாக, பாகுபோல, திகட்டத் திகட்ட இனிக்கும். அது குடலுக்குள் அம்மோனியாவைச் சிறைப்பிடித்து, மலத்தோடு வெளியே தள்ளிவிடும். தினமும் இரண்டு மூன்று தடவை இளகிப் போகவேண்டும். அப்படிப் போனால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அதோடு குடல் பாக்டீரியாவை அடக்க ஒரு மாத்திரை.

"கைகள் நிக்குது, பேச்சு தெளிவா இருக்கு" என்றார் மருத்துவர். "மைக் வேலைக்குப் போய்ப் பார்க்கலாம். வண்டி மட்டும் ஓட்டக் கூடாது."

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. அறிவிக்கத்தான் தெரியும்." சொல்லும்போதே மைக் குரல் வந்துவிட்டது. மருத்துவர் சிரித்துவிட்டார்.

மேலாளர் யோசித்து யோசித்து அவளை மேலே அனுப்பினார். முதல் வாரம் நிலையமே மகிழ்ந்தது. டீக்கடைக்காரர் அவள் ஏறிய அன்று யாரிடமும் காசு வாங்கவில்லை என்று சித்தப்பா சொன்னார். டீக்கடைக்காரரோ அது பொய் என்றார்.

சில வாரங்கள்தான். ஒரு காலை நான் கீழே பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருந்தேன். ஒலிபெருக்கி கரகரத்தது. "பயணிகள் கவனத்திற்கு" என்று தொடங்கிய குரல் நின்றது. நீண்ட மௌனம். பிறகு வீட்டுக் குரல், ஆறு நடைமேடையிலும் சேர்ந்து ஒலித்தது.

"ஏங்க, அடுப்புல பால் வச்சேனே, பார்த்தீங்களா? பொங்குது பாருங்க."

நடைமேடையே சிரித்தது. யாரோ, "பார்த்துட்டேன்மா, இறக்கிட்டேன்" என்று கத்தினார்கள். நான் படிகளில் ஓடினேன். கண்ணாடி அறைக்குள் சித்தி, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, பாலைத் தேடி மேசைக்கடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வறண்டு வெடித்திருந்தது. என்னைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்தாள், யாரோ பயணியைப் பார்ப்பதுபோல.

ஆஸ்பத்திரியில் எனிமா கொடுத்தார்கள், நரம்பு வழியாக நீர் ஏற்றினார்கள், சிரப்பைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு நாளில் சித்தி தெளிவுக்குத் திரும்பி வந்தாள். நடந்ததைக் கேட்டதும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஸ்டேஷன் முழுக்கவா?"

"ஆறு பிளாட்ஃபாரமும்" என்றார் சித்தப்பா. "ஆனா எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. இத்தனை வருஷத்துல முதல் தடவையா மைக்ல என்னைக் கூப்பிட்டே."

போர்வைக்குள்ளிருந்து சிரிப்பும் அழுகையும் கலந்து வந்தன.

வெளியே தாழ்வாரத்தில் வேறு பேச்சு நடந்தது. பார்க்க வந்த மேலாளர், "தொலைந்த பொருள் அறையில நல்லாத்தானே இருந்தாங்க. மைக்ல உட்கார்ந்தா மூளை தாங்கல. இனிமே மைக் வேண்டாம்" என்றார். அம்மாவும் தலையாட்டினாள். "அந்த நாற்காலிதான் அவளுக்கு ஆகல." இருவரும் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. கீழே தெளிவாக இருக்கிறாள். மேலே போனால் குழம்புகிறாள். ஆனால் அதே மைக்கில் எத்தனையோ வருடம் தெளிவாகப் பேசியவளும் அவள்தானே?

மருத்துவர் வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தார். திட்டவில்லை. "சிரப் குடிச்சீங்களாம்மா?"

"குடிச்சேனே."

"தினமுமா?"

சித்தி ஜன்னலைப் பார்த்தாள். "லீவு நாள்ல."

"வேலை நாள்ல?"

"டாக்டர், அதைக் குடிச்சுட்டு நான் எப்படி மேல உட்கார்றது? அது சொல்லாம கொள்ளாம வரும். நான் எழுந்து போனா வண்டி நிக்குமா? முதல் பிளாட்ஃபாரத்துக் கடைசிக்கு ஓடணும். ஒரு நாள் மேம்பாலத்துல பாதி வழியில..." அதற்கு மேல் சொல்லவில்லை. "அதான் வேலை நாள்ல விட்டுட்டேன். தண்ணியும் குடிக்கிறதில்ல. எப்பவுமே குடிச்சதில்லையே."

"தொலைந்த பொருள் அறையில?"

"அங்க பக்கத்திலேயே இருக்கு. ரெண்டு கதவு தள்ளி."

மருத்துவர் எங்கள் பக்கம் திரும்பினார். மேலாளரும் அம்மாவும் வாசலில் நின்றிருந்தார்கள். "மைக் அவங்க மூளையைக் கெடுக்கல" என்றார். "தண்ணி குடிக்கல, மருந்து குடிக்கல, வெளிய போகல. பாக்டீரியா கழிச்சது எல்லாம் குடல்லயே தங்கிடுச்சு. அங்கேருந்து ரத்தத்துக்கு, ரத்தத்திலேருந்து மூளைக்கு. பழைய அடைப்பும் உடம்பு வறண்டதும் சேர்ந்துதான் முதல் தடவையும் கிளப்பிவிட்டிருக்கும்னு நினைக்கிறேன். இவங்களுக்கு வேணும்கிறது வேற வேலை இல்ல. பக்கத்துல ஒரு கழிப்பறை."

ஒரு மனுஷியின் புத்தி, ஒரு கதவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் போய் வந்திருக்கிறது. நான் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். சித்தியும் சிரித்தாள். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. விரலால் போர்வையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். குழாய்க் கோடு.

மறுநாள் காலை அவரோடும் மேலாளரோடும் கண்ணாடி அறைக்குப் போனேன். அதை ஒட்டி ஒரு சின்னச் சாமான் அறை. துடைப்பங்கள், கிழிந்த கொடிகள், ஓடாத மின்விசிறிகள். அவர் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் காதை வைத்தார்.

"இதுக்குக் கீழ காத்திருப்போர் அறையில ஒரு கழிப்பறை இருந்துச்சு. பெரிய குழாய் இந்தச் சுவருக்குப் பின்னாடி இன்னும் நிக்குது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் மேலாளர்.

"அதை மூடினதே நான்தான் சார். கல்யாணத்துக்கு முன்னாடி. இங்க முதன்முதலா வந்ததே அந்த வேலைக்குத்தான். குழாய்க்கு மூடி போட்டுட்டிருக்கும்போது மேலேருந்து ஒரு குரல் கேட்டுச்சு. மூடியைக் கோணலாப் போட்டுட்டேன்." என்னைப் பார்த்தார். "இன்னும் கோணலாத்தான் இருக்கும், பாரேன்."

மேலாளர் நல்ல மனிதர். ஆனால் மேலாளர். சாமான் அறையைக் கழிப்பறையாக்கினால் சாமான்களை எங்கே வைப்பது என்றார். மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார். துர்நாற்றம் வந்தால் என்ன செய்வது என்றார். சித்தியின் இடத்தில் இருந்த இளம் அறிவிப்பாளினி அதுவரை மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சார்" என்றாள். "நானும் காலையிலேருந்து தண்ணி குடிக்கல. அக்காதான் அப்படி இருக்கணும்னு கத்துக்கொடுத்தாங்க. எனக்கும் இப்ப அடிவயிறு வலிக்குது."

மேலாளர் அவளைப் பார்த்தார், துடைப்பங்களைப் பார்த்தார். மறுவாரம் அனுமதி வந்தது.

சித்தப்பா அந்த வேலையை வேறு யாரையும் தொடவிடவில்லை. மூடி கோணலாகத்தான் இருந்தது. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். தொட்டி, பீங்கான், கை கழுவ ஒரு சின்னத் தொட்டி, சத்தம் மைக்குக்குக் கேட்காமலிருக்க கதவில் ரப்பர் பட்டை. சித்தி வந்து பார்த்தாள். கதவைத் திறந்து மூடினாள். மேசையிலிருந்து கதவுவரை நடந்து பார்த்தாள். பிறகு ஃபிளஷ் சங்கிலியை இழுத்துவிட்டு, தண்ணீர் இறங்குகிற சத்தத்தைக் கேட்டபடி நின்றாள்.

"எனக்கு யாரும் இவ்வளவு பெரிய வீடு கட்டித் தந்ததில்ல" என்றாள்.

"வாங்கின பொருளைத் திருப்பி எடுக்க மாட்டாங்க" என்றார் அவர்.

நிபந்தனைகள் இருந்தன. ஆரம்பத்தில் இளம் அறிவிப்பாளினி கூட உட்காரவேண்டும். மருத்துவர் வேண்டாம் என்கிற நாளில் மைக் கிடையாது. சித்தியே ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். காலையில் கிளம்பும் முன் துறைமுக வண்டி நிற்கும் ஊர்களைக் கடைசியிலிருந்து முதல்வரை சித்தப்பாவிடம் ஒப்பிக்கவேண்டும். நேராகச் சொல்வது தூக்கத்திலும் வரும். திருப்பிச் சொல்ல மூளை விழித்திருக்கவேண்டும். எங்காவது இடறினால் அன்று வீட்டில் இருந்து, சிரப்பைக் குடித்து, மருத்துவரைக் கூப்பிடவேண்டும். மருத்துவர் கேட்டுவிட்டு, "நல்ல யோசனை. ஆனா இது சிரப்புக்குப் பதில் இல்ல" என்றார்.

அவள் மைக்குக்குத் திரும்பிய காலையில் நான் கீழே அதே பெஞ்சில் இருந்தேன். மேலே கண்ணாடிக்குள், மேசையில் ஒரு புது பாட்டில் வெளிச்சத்தில் மின்னியது. தண்ணீர். ஒலிபெருக்கி கரகரத்தபோது பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். "பயணிகள் கவனத்திற்கு" என்றாள். ஒரு கணம் இடைவெளி. பிறகு வண்டி, ஊர், நடைமேடை, எல்லாம் அதனதன் இடத்தில், மூச்சு சரியான இடத்தில். பக்கத்தில் சுமை தூக்குபவர், "பால் இறக்கியாச்சுக்கா" என்று மேலே பார்த்துக் கத்தினார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு விரல் அவரை மிரட்டியது.

கல்லீரல் குணமாகவில்லை. அது இனி பழையபடி ஆகாது. அப்புறமும் ஒரு தடவை, சளிக்காய்ச்சலின்போது, ஒப்பித்தல் பாதியில் இடறியது. அன்று வீட்டிலேயே இருந்தாள். அன்றே மருந்து மாற்றினார்கள். ஒரு வாரத்தில் மறுபடி மேலே போனாள். தெரிந்த எதிரியோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டார்கள் இருவரும்.

எனக்கு மறுபடி கால் அரித்தது. கிளம்பினேன். அதே துறைமுக வண்டி, அதே மூன்றாவது நடைமேடை. இந்த முறை வண்டி போனபிறகு ஒலிபெருக்கி ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டேன். அமைதி. அவ்வளவு நிம்மதியான அமைதியை நான் எந்த ஊரிலும் கேட்டதில்லை.

அதற்கு அப்புறம் நெடுநாள் கழித்து, வேறொரு கடலோரத்தில், மீன்பெட்டிகள் ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. சித்தியிடமிருந்து ஒரு குரல் செய்தி. கையைத் துடைத்துக்கொண்டு காதில் வைத்தேன்.

"துறைமுகம்... கலங்கரை விளக்கம்... உப்பளம்... பழைய பாலம்... நூற்பாலை... சந்திப்பு... நம்ம ஸ்டேஷன்." எங்கும் இடறவில்லை. பின்னால் சித்தப்பா, "பாஸ்" என்றார். பிறகு அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். ஆறு நடைமேடையிலும் ஒலிக்கும் அந்தக் குரல் வந்தது.

"பயணிகள் கவனத்திற்கு. துறைமுகத்திலிருந்து வரும் விரைவு வண்டி இன்னும் சற்று நேரத்தில் மூன்றாவது நடைமேடைக்கு வந்து சேரும்."

உடனே வீட்டுக் குரல். "வாய் தவறலடி. தெரிஞ்சேதான் சொல்றேன். எப்ப வர்றே? சரி இரு, வேலைக்குக் கிளம்பறதுக்குள்ள ஒரு தடவை போய்ட்டு வந்துடறேன்."

செய்தியை நிறுத்த மறந்துவிட்டாள். ஒரு கதவு திறந்து மூடியது. கொஞ்சநேரத்துக்குப் பின், தண்ணீர் நன்றாக இறங்கும் சத்தம்.